முதல் படி பதினேழு இஞ்சு

வலி எங்கே இருக்கிறது என்று அந்த அம்மா என்னிடம் கேட்கவில்லை. "என்ன வேலை பாக்கறீங்க?" என்றுதான் கேட்டார்.

அன்று காலையில்தான் எனக்கு மாவுக்கட்டைப் பிரித்திருந்தார்கள். தொடை எலும்பு முறிந்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டுக் கொஞ்ச நாள், பிறகு கட்டோடு கொஞ்ச நாள் என்று மூன்று மாதத்துக்கு மேல் தர்மபுரியில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கிடந்திருந்தேன். கட்டுக்குள்ளிருந்து வெளியே வந்த கால் என்னுடையது மாதிரியே இல்லை. முருங்கைக்காய் போல் இளைத்து, தோல் உரிந்து, முழங்கால் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தக் காலோடு என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தாழ்வாரத்தின் கடைசி அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"கண்டக்டருங்க" என்றேன்.

"எந்த பஸ்ஸு?"

"பிரைவேட் பஸ்ஸுங்க. தர்மபுரி, பென்னாகரம், ஏரியூரு. விசேசம்னா ஒகேனக்கல்லுக்கும் போவும்."

"அந்த பஸ்ஸுல மொதப் படி தரையில இருந்து எவ்ளோ உசரம் இருக்கும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு நூறு தடவை ஏறி இறங்குகிற படிதான். அதை யார் அளந்து பார்த்தார்கள்? "காலு போயிடுச்சேன்னு நானு இருக்கறேன். நீங்க படியப் பத்திக் கேக்கறீங்க" என்றேன்.

"காலு எங்கயும் போகல. இங்கதான் இருக்குது." கையிலிருந்த பென்சிலால் என் முழங்காலைத் தட்டினார். "எவ்ளோ மடங்கணும்னு தெரியாம நான் எப்படி மடக்கறது?"

மறுநாள் மாலை என் பஸ் டிரைவர் வார்டுக்கு வந்தான். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தான்.

"யாரோ ஒரு அம்மா ஸ்டாண்டுக்கு இஞ்ச் டேப்போட வந்து வண்டிய அளவெடுத்துக்கிட்டுப் போறாங்கப்பா. மொதப் படி, ரெண்டாம் படி, புடிக்கற கம்பி, பின்னாடி ஏணி, ஒண்ணு உடல. எல்லாத்தயும் நோட்டுல எழுதிக்கிட்டாங்க. சனம் கூடிப்போச்சு. 'ஏம்மா, பஸ்ஸுக்குச் சட்ட தைக்கப் போறியா'ன்னு பூக்காரம்மா கேட்டுச்சு. 'பஸ்ஸுக்கு இல்லீங்க, கண்டக்டருக்குப் புது முட்டி தைக்கப் போறேன்'னுட்டுப் போயிட்டாங்க."

முதல் படி பதினேழு இஞ்சு. எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

அவருக்குப் பெயர் இருந்தது. அறைக் கதவில் பலகையில் எழுதியும் இருந்தது. ஆனால் வார்டில் எல்லாரும் அவரை எக்சர்சைசம்மா என்றே சொன்னோம். அவரும் எங்கள் பெயர்களை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நான் கண்டக்டர். தோள்பட்டை பிடித்துக்கொண்டு வந்தவர் ஜவுளி பாய். இடுப்பு வலிக்காரப் பெண் கடலைக்கா. யார் என்ன வேலை செய்கிறார்களோ, அதுவே அவர்களுக்குப் பெயர். வேலைக்குத் திரும்பிப் போகிறவரைக்கும் அந்தப் பெயரை மறக்கவிடமாட்டார் என்பது பிறகுதான் புரிந்தது.

நாற்பது வயதை நெருங்கிய உயரமான பெண்மணி. புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டு. மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிய கடிகாரம். கைகள் மட்டும் வயலில் வேலை செய்கிறவருடைய கைகள். தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர், வீட்டில் பேசுவது கன்னடம். எங்களோடு தமிழில்தான் பேசுவார், ஆனால் எண்ண ஆரம்பித்தால் கன்னடம் வந்துவிடும். "ஒந்து, எரடு, மூறு, நால்கு" என்று அந்த அறையிலிருந்து சத்தம் கிளம்பும். ஹத்து என்றால் பத்து. பத்தோடு முடிந்துவிட்டது என்று பெருமூச்சு விடுகிறபோது, "இன்னொந்து" என்பார். இன்னும் ஒன்று. அந்தப் பதினோராவதுக்குத்தான் எங்கள் உயிர் போகும்.

அறையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. பிடித்து நடக்க இரண்டு தண்ணீர்க் குழாய்கள், சுவரில் சுற்றுவதற்கு ஒரு சக்கரம், மேலே ஒரு கிணற்றுக் கப்பி, பழைய போர்வையைக் கிழித்துத் தைத்த மணல் மூட்டைகள், மூன்று படி ஏறி மூன்று படி இறங்குகிற மரப்படிக்கட்டு ஒன்று. ஒரு பலகையில் முகப்பவுடரைத் தூவி, அதில் குதிகாலை வைத்து இழுக்கச் சொல்வார். வழுக்கிக்கொண்டு வரும், முழங்கால் மடங்கும். எங்கள் முனகல் சத்தத்தைக் கேட்காமல் மோந்து மட்டும் பார்த்தால் அது கல்யாண வீடு என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

நான் விழுந்தது பென்னாகரம் ஸ்டாண்டில். பஸ்ஸின் மேலே கட்டியிருந்த புளி மூட்டையை இறக்கிக் கொடுத்துவிட்டு, பின்பக்க ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வண்டிக் கண்டக்டர் அவர் வண்டிக்கு விசில் கொடுத்தார். நான் கொடுத்ததாக நினைத்து எங்கள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான். அவன் மேலும் குற்றமில்லை, அவர் மேலும் குற்றமில்லை. ஆனால் எலும்பு முறிந்தது. முதலாளி நல்ல மனுஷர், ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தார். "ஆடிப் பதினெட்டுக்குள்ள வந்துட்டீன்னா வண்டி உன்னுது. கூட்ட நேரம்ப்பா, அதுக்கு மேல வேற ஆளப் போடாம என்னால ஓட்ட முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டுப் பிரிக்கிற சமயம் அது, மாசி பிறந்திருந்தது.

அப்படி இருந்தும் நான் ஓடிவிட்டேன். முதல் வாரம் அந்த அம்மா என் முழங்காலை மடக்கியபோது நான் போட்ட சத்தத்தில் எனக்கே வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு அனுப்பிய பிறகு வாரத்துக்கு மூன்று நாள் வந்து போகச் சொன்னார்கள். எங்கள் வீடு நல்லம்பள்ளிக்கு உள்ளே. இரண்டு வாரம் போகவேயில்லை. "இப்பத்தான் எலும்பு கூடியிருக்குது, ஆட்டுனா உட்டுப்போவும்" என்று என் அம்மா சொன்னது எனக்கு வசதியாகப் போயிற்று. கட்டிலில் படுத்துக்கொண்டேன். டீ, சோறு, வெற்றிலை, ரேடியோ எல்லாம் கட்டிலுக்கே வந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் பிடித்து அவரே வந்துவிட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் நடந்து பார்த்தார். அப்போது என் மனைவி எனக்கு டீ கொண்டுவந்தாள். அந்த டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய், வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடிக் கல்லின் மேல் வைத்துவிட்டு வந்தார்.

"டீ அங்க இருக்குது" என்றார்.

"என்னாங்க இது, அநியாயமா இருக்குது" என்றேன்.

"ஆறிப்போயிடும். சீக்கிரம் போங்க."

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி போனேன். பாதி வழியில் நின்று, வலிக்கிறது என்றேன். பக்கத்தில் வந்து நின்றார்.

"எப்படி வலிக்குது? குத்துதா, இழுக்குதா?"

யோசித்துப் பார்த்தேன். "இழுக்குதுங்க."

"குத்தற வலின்னா உடனே நில்லுங்க, என்னையக் கூப்புடுங்க. இழுக்கற வலின்னா அது ஒண்ணும் செய்யாது. மூணு மாசம் தூங்குன சதை, எழுப்புனா திட்டத்தான் செய்யும். நீங்க காலையில எந்திரிக்கறப்ப திட்டறது இல்லியா?"

"ரொம்பத் திட்டுவாருங்க" என்றாள் என் மனைவி. அன்றைக்குத்தான் அவள் நாலு மாதத்துக்குப் பிறகு சிரித்தாள். அந்த அம்மா போன பிறகும் அந்த முறை அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு நாளும் என் சோற்றுத்தட்டு நாலடி தள்ளிப் போயிற்று. ஒரு நாள் அது பக்கத்து வீட்டு வாசலில் இருந்தது.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தேன். அங்கேதான் ஜவுளி பாயோடு பழக்கமானது. கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தார். வலது தோள்பட்டை ஒன்பது மாதமாக இறுகிப்போய், கை நெஞ்சு உயரத்துக்கு மேல் போகாது. மேல் அலமாரித் துணிகளை எடுக்க முடியாமல், ஓடுகிற சரக்கையெல்லாம் கீழ் வரிசைக்கு மாற்றிவிட்டார். அந்த அம்மா கடைக்கே போய் நின்று பார்த்தார். சாக்பீஸ் வாங்கி அலமாரியில் ஒரு கோடு போட்டார். ஓடுகிற சரக்கு முழுக்க அந்தக் கோட்டு வரிசையில்தான் இருக்க வேண்டும், எடுக்கிறவர் பாய் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று கடையாட்களிடம் சொல்லிவிட்டார். வாரத்துக்கு வாரம் கோடு ஏறியது.

"யாவாரத்தக் கெடுக்கன்னே வந்தீங்களாம்மா? லுங்கி கேட்டு வர்றவங்க, நான் எடுத்துக் குடுக்கறதுக்குள்ள வேற கடைக்குப் போயிடறாங்க" என்று பாய் எங்கள் எல்லார் முன்னாலும் புலம்புவார்.

"போகட்டும். அவங்களுக்கு லுங்கி எங்க வேணும்னாலும் கெடைக்கும். உங்களுக்குத் தோள் எங்க கெடைக்கும்?" என்பார் அவர்.

ஒரு நாள் மெல்லிய குரலில் வேறு ஒன்றும் கேட்டார். "தொழுகையில ரெண்டு கையும் காது வரைக்கும் போகணும் இல்லீங்களா, பாய்?"

ஒன்பது மாதமாகப் பாய் ஒரு கையைத்தான் தூக்கிக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் கலங்கிற்று. அந்த அம்மா அவரைச் சுவர் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி, விரல்களால் சுவரில் ஏறச் சொன்னார். இரண்டு விரல் பூச்சி நடப்பதுபோல் சுவரில் ஏறும், கை பின்னாலேயே போகும். அன்று பாய் முதல் முறையாகப் பதினோராவதுக்குப் புலம்பவில்லை. பங்குனி முடிவதற்குள் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், ஜும்மா முடிந்த கையோடு பெரிய தூக்குப்போசியில் பிரியாணி கொண்டுவந்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அறை வாசலில் நின்று இரண்டு கைகளையும் காது வரை உயர்த்திக் காட்டினார். நாங்கள் எல்லோரும், நடக்க முடியாதவர்கள்கூட, எழுந்து நின்றுவிட்டோம். அந்த அம்மா மட்டும் அவர் வலது முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் ஒரு விரக்கடை ஏறும், பாய்" என்றார். பிறகு பிரியாணியை வாங்கிக்கொண்டார்.

கடலைக்காவின் சங்கதி வேறு. ஏரியூர்ப் பக்கம் நிலக்கடலை போடுகிற குடும்பம். இரண்டு வருஷமாக இடுப்பு வலி. யாரோ எப்போதோ, பாரம் தூக்காதே, படுத்து ஓய்வெடு என்று சொல்லியிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு அவர் புருஷன் அவரை ஒரு சொம்புகூடத் தூக்க விடுவதில்லை. இவ்வளவு பிரியமான புருஷனை நான் பார்த்ததில்லை. அவர் பிரியத்திலேயே அந்தப் பெண் நடக்கத் தெம்பில்லாமல் போய்விட்டிருந்தார்.

அந்த அம்மா எக்ஸ்ரே படம் பார்த்து, டாக்டரிடம் கேட்டு, தண்டுவடத்தில் ஒன்றும் கெடுதல் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு அக்கா கையில் ஒரு குடத்தைக் கொடுத்து, அதில் ஒரே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினார். அதைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் போய்த் திரும்பி வரவேண்டும். நாளைக்கு இரண்டு டம்ளர்.

புருஷன் குறுக்கே வந்தார். "வேணாமுங்க. நான் தூக்கிக்கறேன்."

"உங்களுக்கு வேற வேல இருக்குதுங்கண்ணா. எத்தன தடவ போயிட்டு வர்றாங்கன்னு நீங்கதான் எண்ணணும். தப்பக்கூடாது" என்று அவரைப் பெஞ்சில் உட்கார வைத்தார். புருஷன் தன் மடியிலிருந்த கடலையை எடுத்து, ஒரு நடைக்கு ஒன்று என்று பெஞ்சில் வைத்தார். மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், வைத்த கடலையைத் தானே எடுத்துத் தின்றுவிட்டார். பத்து நடைக்குப் பிறகு பெஞ்சில் ஆறு கடலைதான் இருந்தது. "கணக்குப்படி இன்னும் நாலு இருக்குதுக்கா" என்றார் அந்த அம்மா. அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. ஆனால் நடந்தார். வைகாசியில் முழுக் குடத்தோடு நடந்தார்.

எல்லாம் இப்படியே நடந்தது என்று சொன்னால் பொய்யாகும். கல் உடைக்கிறவர் ஒருவர் வந்தார். கெண்டைக்கால் எலும்பு முறிந்து கட்டுப் பிரித்தவர். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே செய்வார், இன்னொந்து என்பதற்குள் செய்துவிடுவார். அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று எங்களிடமே சொல்வார் அந்த அம்மா. ஒரு நாள் எண்ணிக்கொண்டே வந்த அந்த அம்மா ஏளு என்று ஏழோடு நின்றுவிட்டார். கல் உடைக்கிறவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் மேலுதட்டில் வேர்வை பூத்திருந்தது, கால்விரல்கள் உள்ளே சுருண்டிருந்தன.

"குத்துதா?" என்றார் அந்த அம்மா. குரல் மாறியிருந்தது.

"நாலு நாளா குத்துதுங்க. நீங்க சந்தோசமா எண்ணறீங்க, எப்படிங்க சொல்றது?"

படம் எடுத்ததில் எலும்பு ஓரிடத்தில் சரியாகக் கூடவில்லை என்று தெரிந்தது. திரும்பவும் கட்டுப் போட்டார்கள். அன்றைக்கு அந்த அம்மா மதியத்துக்குக் கொண்டுவந்த களியைத் திறக்கவே இல்லை. வழக்கமாக நின்றுகொண்டே சாப்பிடுகிறவர், முதல் முறையாக அந்த மரப்படிக்கட்டில் உட்கார்ந்து நான் பார்த்தேன். "அவரு சிரிச்சாரு, நான் நம்பிட்டேன். காலப் பாத்திருக்கணும், மூஞ்சியப் பாத்துட்டேன்" என்றார். எங்களிடம் அதைச் சொல்ல அவருக்கு அவசியமில்லை. ஆனாலும் சொன்னார். பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார் என்று கேள்விப்பட்டேன். அந்த மனிதர் தாமதமாகத்தான் எழுந்தார், ஆனால் எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு யாராவது சிரித்துக்கொண்டே பயிற்சி செய்தால் அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிடும். குனிந்து கால்விரலைப் பார்ப்பார். அதனால் பாய் வலி இல்லாத நாட்களிலும் முகத்தைக் கோணலாக வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார்.

எனக்காக ஆஸ்பத்திரித் தச்சரிடம் சொல்லி ஒரு பலகைப் பெட்டி செய்து வைத்திருந்தார். சரியாகப் பதினேழு இஞ்சு. ஆனியில் ஒரு நாள் அதில் ஏறி நின்றேன். ஏறியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பெட்டியின் மேல் நின்று அழுகிறவனை என்ன செய்வது என்று தெரியாமல் பாய் என் தோளைத் தட்டினார், அதுவும் வலது கையால். அந்த அம்மா, "பஸ்ஸு இப்படி சும்மா நிக்குமா? ஆடும் இல்ல?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியை ஆட்ட ஆரம்பித்தார்.

ஆடி பிறந்த முதல் நாள் வேலைக்குப் போனேன். முதலாளி நின்று பார்த்தார். ஏறினேன், இறங்கினேன், பின்னால் போய் ஏணியில் மேலே வரை ஏறினேன். மேலே நின்றபோது கால் நடுங்கவில்லை. "போதும்ப்பா, இறங்கு. எனக்குப் பயமா இருக்குது" என்றார் முதலாளி. அந்தக் காலோடு இருபத்தாறு வருஷம் அதே தடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். சம்மணம் போட்டு உட்கார மட்டும் இன்றுவரை முடியாது. மறுவருஷமே அந்த அம்மாவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆனால் அந்த ஆடிப் பதினெட்டு இருக்கிறதே, அதைச் சொல்லியாக வேண்டும்.

ஒகேனக்கல்லுக்கு வண்டி நிற்க இடமில்லாமல் போகிற நாள். தர்மபுரியிலேயே அந்த அம்மா ஏறிக்கொண்டார். கூட்டத்தில் என் முட்டி எப்படி நிற்கிறது என்று பார்க்க வந்தாராம். இடம் பிடித்துக் கொடுத்தேன், உட்காரவில்லை. "நீங்க உக்காரறப்ப நானும் உக்காரறேன்" என்றார். பென்னாகரத்தில் கடலைக்காவும் புருஷனும் ஏறினார்கள். அக்காவின் இடுப்பில் ஒரு கூடை இருந்தது. புருஷன் கையை வீசிக்கொண்டு வந்தார்.

அப்போதெல்லாம் தேன்கனிக்கோட்டையும் தர்மபுரி மாவட்டம்தான். மாவட்டத்திலேயே பிறந்தும் அந்த அம்மா ஒகேனக்கல் அருவியைப் பார்த்ததே இல்லையாம். நாலு மணிக்கு வண்டி திரும்பும், போய்ப் பாருங்கள் என்று அனுப்பினேன். நாலு மணிக்கு வண்டி நிறைந்துவிட்டது. அவர்களைக் காணவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். இறங்கித் தேடிக்கொண்டு போனேன்.

அருவிக்குப் போகிற வழியில் பாறைகளின் மேல், குளிக்க வருகிறவர்களைப் படுக்க வைத்து எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுகிறவர்கள் இருப்பார்கள். அங்கேதான் நின்றிருந்தார். அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணா, அந்தக் கையத் தலைக்கு மேல தூக்குங்க" என்று எண்ணெய்க்காரர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எதுக்கும்மா?"

"தேய்க்கறப்ப தோள்பட்டை தூக்கித் தூக்கி விழுது. தூக்குங்க பாக்கலாம்."

அவர் தூக்கினார். பாதியில் நின்றது. அந்தக் கையைப் பார்த்தபடி, "நாலு வருசமா இப்படித்தாங்க. ஊருல இருக்கறவங்க வலிய எல்லாம் நான் புடிச்சி உடறேன். என் வலிய யாருகிட்டப் போய்ச் சொல்றது?" என்றார்.

அந்த அம்மா அவரை அழைத்துப்போய்ப் பக்கத்துப் பெரும்பாறையைப் பார்த்தபடி நிறுத்தி, விரல்களை அதில் வைத்து மேலே நடக்கவிட்டார். எண்ணெய்க் கை வழுக்கியது. பாறையில் மண்ணைத் தேய்த்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார். குப்புறப் படுத்திருந்த வாடிக்கையாளர், உடம்பெல்லாம் எண்ணெயோடு தலையைத் தூக்கி, "யோவ், என்னய்யா ஆச்சு?" என்றார்.

"செத்த இருங்க சார். எனக்கு வைத்தியம் நடக்குது" என்றார் எண்ணெய்க்காரர் திரும்பாமல்.

பக்கத்துப் பாறையில் தேய்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். இன்னொருவர் வந்தார். மீன் வறுக்கிற ஒரு பெண் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தனக்கும் தோள் வலிப்பதாகச் சொன்னார். கடலைக்காவின் புருஷன் பாறை மேல் உட்கார்ந்து தனக்குத் தெரிந்த கன்னடத்தில் எண்ண ஆரம்பித்தார்.

"வண்டி எடுக்கணும்மா" என்றேன்.

"அஞ்சு நிமிசம், கண்டக்டரே."

திரும்பிப் போய், ஆள் வரவேண்டியிருக்கிறது என்று சொன்னேன். வண்டியே கத்தியது. "யாருப்பா அது, கலெக்டரா?" என்று கேட்டார்கள். இருபது நிமிஷம் தாமதமாகத்தான் அன்றைக்கு வண்டி கிளம்பியது. தர்மபுரியில் முதலாளி காரணம் கேட்டார். கூட்டம் என்று சொன்னேன். அது பொய்யில்லை. மறுபடி நான் அவரைக் கூப்பிடப் போனபோது, எண்ணெய் வழிய எழுந்து வந்த அந்த வாடிக்கையாளரையும் சேர்த்து, பதினோரு பேர் வரிசையாகப் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.